சிரித்துக்கொண்டே சொன்னதையும் கேட்டவள்

என் போனில் ஜெயசீலியின் நம்பரை 'மாத்திரை போலீஸ்' என்றுதான் போட்டு வைத்திருந்தேன். அவளை அறிந்த உங்கள் முன்னால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் அந்தச் செய்தி எனக்கு எப்படி வந்தது என்று எழுத முடியாது. அன்று காலை கடையில் கோழி உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பார்த்தால் மாத்திரை போலீஸ். கையெல்லாம் ஈரம். முழங்கையால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டு, கடைக்கு வந்தவர்களும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "இன்னா ஏட்டம்மா, காலையிலயே ரெய்டா? சரக்கையெல்லாம் பதுக்கிட்டேன், வா வா."

அந்தப் பக்கம் ஒரு ஆள் இருமினார்.

"நான் ஜெயசீலி அப்பா பேசறங்க. இதுல 'கோழியண்ணா'ன்னு போட்டுக்கீது. நீங்கதானே?"

"நாந்தாங்க."

"பாப்பா தவறிடுச்சிங்க. நேத்து டூட்டி முடிச்சி வண்டியில வந்துச்சி. லாரிக்காரன்..." என்றார். பின்னால் யாரோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகளின் போனில் இருந்த ஒவ்வொருவரையும் அவரே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அடித்த பகடி அவர் காதில் விழுந்ததா இல்லையா, அதுவும் தெரியவில்லை. அவர்கள் ஊரான சேதராப்பட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் செலியமேட்டில் கோழிக்கடை வைத்திருக்கிறவன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. அவளுக்காகக் கூட்டம் வைக்கிறோம், நீங்களும் ரெண்டு வரி எழுதித் தாங்கண்ணா என்று பார்மசி படிக்கிற பிள்ளைகள் நீங்கள்தான் கேட்டீர்கள். கத்தி பிடிக்கிற கைக்குப் பேனா வழுக்குகிறது. இருந்தாலும், நடந்தது என் வீட்டில். வேறு யார் எழுதினாலும் சரியாக வராது.

அவள் முதலில் வந்தது உங்களைப் போலவே, படிப்பின் ஒரு பகுதியாக. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு கூட்டமே எங்கள் தெருவில் இறங்கியது. வீட்டில் இருக்கிற மாத்திரை, மருந்து எல்லாவற்றையும் எடுத்து வந்து காட்டுங்கள் என்றார்கள். ஒருவர் செத்துப்போன மாமனாருடைய கண் சொட்டு மருந்தைப் பத்திரமாக எடுத்து வந்தார். இன்னொரு வீட்டில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிதுக்கி ஒரே எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கடலை மிட்டாய் மாதிரி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் முகம் வெளிறிப்போனது. எனக்கு நல்ல வேடிக்கை. எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்குக் கோட்டு முட்டிக்குக் கீழே தொங்கியது.

"கோட்டு உன்னுதா, உங்க அப்பாவுதா?" என்றேன்.

"அக்காவுதுண்ணா. அவ குண்டாயிட்டா. எனக்கு இலவசம்," என்றாள். அப்போதே இது நம்ம ஆள் என்று நினைத்தேன்.

என் மனைவி அஞ்சலைக்கு மூட்டு வாதம். விரலெல்லாம் வீங்கி, தண்ணீர்ச் சொம்பு கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தவள். அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரே நாள்தான் போட வேண்டும். தினம் போட்டால் ஆளையே சாய்த்துவிடும். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. போன வாரம் போட்டோமா இல்லையா என்பதும் நினைவில் நிற்காது. போட்டதாக நினைத்துச் சும்மா இருந்துவிடுவாள், விரல் மறுபடி வீங்கும்.

ஜெயசீலி யோசித்தாள். "நீங்க வூட்ல கறி என்னிக்குக்கா ஆக்குவீங்க?"

"ஞாயித்துக்கெழம."

"அப்போ சரி. கறி துன்ற அன்னிக்கு மாத்திரை. மறக்கவே மறக்காது, பாருங்க."

அஞ்சலைக்குச் சந்தோஷம். நான் வாசலில் இருந்து குரல் கொடுத்தேன்: "யாவாரம் நடந்தா எங்க வூட்ல கருவாடு, யாவாரம் படுத்தா தெனம் கறி. பாத்துச் சொல்லும்மா டாக்டரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கூட வந்த வாத்தியாரும் சிரித்தார். நானும்தான்.

நான் சொன்னது பொய் இல்லை. கோழிக்கடைக்காரன் வீட்டில் எப்போதும் அதுதான் கணக்கு. ஆனால் அந்தச் சமயத்தில் யாவாரம் படுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி, மாத்திரை என்று மாதக்கணக்கில் ஒழுங்காகப் போனது. அஞ்சலையின் விரல் மடங்கியது. எனக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடுகிற அளவுக்கு வந்தாள்.

அப்புறம் கோழிக்குக் காய்ச்சல் வருகிறது என்று எவனோ போனில் ஒரு படத்தைப் போட்டு அனுப்பினான். அந்தப் படம் பாகூர் வரைக்கும் பரவியது. ஒரு ஆள் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூண்டு நிறையக் கோழி. தீனி போட்டு மாளாது. தினம் ஒன்றை அறுத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். குழம்பு, வறுவல், ரசம். அஞ்சலை முணுமுணுத்துக்கொண்டே ஆக்கினாள். நான் கவனிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னபடி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். கறி துன்ற அன்னிக்கு மாத்திரை.

அடுத்த வாரம் அவள் வாயெல்லாம் வெந்துபோனது. சூடு என்று மோர் கொடுத்தேன். மோரும் இறங்கவில்லை. தோலில் அங்கங்கே சிவப்பாகப் புள்ளி போட்டது. அந்தச் சமயத்தில்தான் ஜெயசீலி, சொன்னதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்கத் திரும்ப வந்தாள். அது அவள் படிப்பில் இருக்கிற வேலை. அஞ்சலையின் வாயைப் பார்த்ததும், "அக்கா, அந்த மாத்திரை அட்டை எங்க?" என்றாள். அட்டை காலியாக இருந்தது.

"இது இன்னும் ரெண்டு மாசத்துக்கு வரணுமேக்கா."

அஞ்சலையால் சரியாகப் பேச முடியவில்லை. உதட்டைப் பாதி திறந்து, "நீதானம்மா சொன்ன? தெனம் கறிதான் ஆக்கினேன்," என்றாள்.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது. நான் வாசலில் இருந்து சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

கோழி ஏற்றுகிற வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பின்னால் இறகும் எச்சமும் கிடக்க, அந்த வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்து அஞ்சலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். படிக்காத பொம்பளை, தப்பாகப் போட்டுக்கொண்டாள் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? அவள் டாக்டரிடம் போய் நின்றதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "வாரத்துக்கு ஒண்ணு போடற மாத்திரைய இவங்க தெனம் போட்டுட்டாங்க சார். தப்பு என்னுது. நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்." காலி அட்டையைக் கையில் கொடுத்தாள். அதனால்தான் முறிவு மருந்தை உடனே ஏற்றினார்கள். இது என்ன நோய் என்று தேடிக்கொண்டிருந்தால் அஞ்சலை பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரே பிறகு சொன்னார்.

ஆனால் அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லவில்லை. ரத்தத்தில் அணுவெல்லாம் இறங்கிவிட்டது, எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். ஜெயசீலி பக்கத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போயிடு. என் கண்ணு முன்னால நிக்காத," என்றேன்.

"போறேண்ணா. அக்கா ஒரு வாய் தண்ணி குடிச்சதும் போறேன்."

அஞ்சலை தண்ணீர் குடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. காலேஜ் முடிந்ததும் தினம் வந்து, என் கண்ணில் படாமல் மாடிப்படிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியும். கூப்பிடவில்லை. ஒரு நாள் அஞ்சலை ஸ்பூனில் இரண்டு வாய் குடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சா?" என்று கேட்டாள். நான்தான் படிக்குப் பின்னால் போய், "ஏய் போலீசு, உன்ன கூப்பிடறா," என்றேன். அன்றைக்கு வைத்த பெயர்தான் அது.

அதன் பிறகுதான் அவள் எங்கள் வீட்டுக்கு உண்மையாகவே போலீஸ் ஆனாள். பல மாதம் கழித்து, ரத்தம் பார்த்து, அளவைக் குறைத்து மறுபடி அதே மாத்திரையை எழுதினார்கள். இந்த முறை கறி, கருவாடு எதுவும் கிடையாது. புதன்கிழமை, அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போகவும் மாட்டாள். "நான் சொன்னத திருப்பிச் சொல்லுங்க்கா," என்பாள். அஞ்சலை சொல்வாள். "மாத்திரை கீழ வுழுந்து தொலைஞ்சிட்டா?" "போட்டமா போடலயான்னு சந்தேகம்னா போடக் கூடாது. போன் பண்ணிக் கேக்கணும்." "புதன்கெழம மறந்துட்டா?" பதில் வருகிற வரை எழுந்திருக்க மாட்டாள்.

படிப்பு முடிந்து வில்லியனூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வரும்போது லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாள். உங்களில் பலரை அஞ்சலை முன்னால் உட்கார வைத்து அவளே கதையைச் சொல்லியிருக்கிறாள். ஒரு பையன், "இத ஏன்க்கா எங்ககிட்ட சொல்றீங்க, அசிங்கமா இல்லயா?" என்று கேட்டான். "அசிங்கமாத்தான் கீது. அதாலதான் எனக்கு மறக்கல. உனக்கும் மறக்கக் கூடாது," என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். "இந்த அண்ணன் அன்னிக்கே உண்மையச் சொன்னாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு, நாங்களும் சிரிச்சிட்டோம். ஜனங்க சிரிச்சிக்கினே சொல்றதையும் காது குடுத்துக் கேளுங்க."

ஐம்பது வயதைத் தொடப் போகிறேன். இதுவரை என் பேச்சை உண்மை என்று சபையில் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அவளைப் புதைத்துவிட்டு வந்த அந்தப் புதன்கிழமை அஞ்சலை மாத்திரை போடவில்லை. அடுத்த புதனும் போடவில்லை. "அந்தப் பொண்ணு வந்து கேக்கட்டும், போடறேன்," என்றாள். கெஞ்சினேன். திட்டினேன். காலில்கூட விழுந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விரல்கள் பழையபடி வீங்கத் தொடங்கின. ஒரு காலை சொம்பு கைநழுவி விழுந்து உருண்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. அந்த லாரி இரண்டு பேரைக் கொண்டுபோகப் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஜெயசீலி நம்பருக்கு என்னை அறியாமல் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. நல்லவேளை, அவள் அப்பாவை மறுபடி தொந்தரவு செய்யவில்லை.

ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டேன். விட்டதற்குச் சேர்த்துப் போடாதே, வருகிற புதன் எப்போதும் போல ஒன்று என்றார்கள். புதன் வந்தது. அஞ்சலை கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்காமல் சொன்னேன்: "நீ செத்துப்போனா நானும் இருக்க மாட்டேன் அஞ்சல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சிரிக்கவே இல்லயே நீ," என்றாள். கையை நீட்டினாள்.

அவசரமாக அட்டையை அமுக்கினேன். பிதுக்கிய மாத்திரை அவள் உள்ளங்கையில் பட்டுத் தெறித்துத் தவிட்டில் விழுந்தது. பக்கத்தில் நின்ற நாட்டுக்கோழி ஒரே கொத்தில் விழுங்கிவிட்டது.

நான் அட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "சந்தேகம்னா போடக் கூடாது," என்றேன்.

"இன்னா சந்தேகம்? துன்னது கோழி. நான் துன்னல. ரெண்டு பேரும் பாத்தோம். எங்க, திருப்பிச் சொல்லு."

"துன்னது கோழி. நீ துன்னல."

"குடு."

ஜெயசீலியிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் குரல்தான். என் வீட்டில், என் மனைவியின் வாயிலிருந்து அது வருகிறது. போனில் அவள் பெயரை அழிக்கவில்லை.

அந்தக் கோழியை விற்கக் கூடாது என்று காலில் சிவப்பு நூல் கட்டி விட்டேன். மறுநாள் பார்த்தால் அது கூண்டுக்குள் மற்ற நாட்டுக்கோழிகளோடு ஏறி நிற்கிறது. நூலைக் காணோம். எல்லாம் ஒரே நிறம். ஆகவே, மறு அறிவிப்பு வரும் வரை கடையில் பிராய்லர் மட்டும் கிடைக்கும்.