கடல் தாண்டிய கட்டில்

தண்ணீர் தெளித்த ஆற்றுமணலின் ஈர வாசனையும், அதன்மேல் மெல்லப் படரும் பீடிப் புகையும், எங்கோ பின்னால் இரைந்துகொண்டிருக்கும் ‘இஞ்சின்’ சத்தமும் சேர்ந்தால்தான் எனக்குச் சினிமா. ஐம்பதுகளின் தொடக்கத்தில், திருமயம் கோட்டைப் பாறை அந்திவெயிலில் சிவந்து மங்குகிற நேரத்தில், ஊருக்கு வெளியே போட்டிருந்த ‘டெண்டுக் கொட்டகை’யின் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும்; அது காதில் விழுந்ததும் காமாட்சிச் சித்தி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமான மறு வருடமே சித்தப்பா மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனார். பிறகு யுத்தம் வந்தது, தகவல் நின்றது, சித்தி எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள்.

அப்படி ஒரு நாள் நாங்கள் பார்த்த படத்தில் ஒரு கட்டில் பறந்தது. இளவரசன் அதில் உட்கார்ந்து மேகங்களுக்கு நடுவே போனபோது, பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த நாங்களும் அவனோடு மிதந்தோம். கட்டிலைத் தூக்கிய கம்பி ஓரிடத்தில் மின்னியதைக் கண்டும், கண்டதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. கடலுக்கு மேல் மட்டும் அது பறக்காது என்று முனிவர் சொல்லியிருந்தார். பிறகு இளவரசன் போன கப்பல் உடைந்து, அவன் கட்டிலோடு ஒரு தீவில் ஒதுங்கினான். இந்தக் கரையில் மனைவி காத்திருந்தாள். இடைவேளை முடிந்து பார்த்தால், அதே கட்டிலில் கடலைத் தாண்டி வந்து இறங்குகிறான்! கொட்டகையே கைதட்டியது. சித்தி எழுந்து நின்றுவிட்டாள்.

“கடலுக்கு மேல பறக்காதுன்னாங்க, இப்ப எப்படி வந்துச்சு?”

“கட்டில் பறந்ததையே நம்புனீங்க, இதையும் நம்பிட்டு உக்காருங்கக்கா” என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

“பறக்கும்னு அவங்க சொன்னாங்க, நம்புனேன். கடல் தாண்டாதுன்னும் அவங்கதானே சொன்னாங்க? அதையும் நம்பித்தானே அவளுக்காக அழுதேன்?”

சிரிப்பு அடங்கியது. மற்றப் பெண்களும் சித்தியோடு சேர்ந்துகொண்டார்கள். படத்தை நிறுத்திவிட்டு வந்த மேனேஜர், ஒரு ‘ரீல்’ அறுந்துபோனதால் ஓட்டவில்லை, ஒட்டி நாளைக்குக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காட்டினார். மனைவி தன் சிரிப்பைக் கடலரசனுக்குக் கொடுத்துவிட்டுக் கணவனுக்கு வழி வாங்குகிறாள். புருஷன் வந்து நின்றும் அவள் ஏன் முகம் மலரவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சத்தமில்லாமல் அழுத சித்தி, நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பும்போது, “இப்பச் சரியா இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம், சித்தப்பா டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வீடு நிறையச் சனம்.

“யுத்தம் முடிஞ்சும் கப்பல்ல எடம் கெடைக்கல. இந்த வருசந்தான் கெடச்சுச்சு” என்றார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சித்தி தண்ணீர்ச் செம்பை அவர் முன் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“வேற தோட்டத்துல இருந்த மேலத்தெரு ஆளுக யுத்தம் முடிஞ்ச கையோட வந்து சேந்துட்டாங்களே, அவுகளுக்கு மட்டும் எப்படிங்க கெடச்சுச்சு?”

அப்பா அதட்டினார். “புருசன் உசுரோட வந்து நிக்கிறாரு. கேள்வி கேக்குற நேரமா இது?”

“அவரு எதைச் சொன்னாலும் நம்பத்தான் மச்சான் இத்தனை வருசமா உக்காந்திருக்கேன். ஒண்ணுக்கொண்ணு சேரலையே.”

சித்தப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். அங்கே இன்னொரு மனைவி. இரண்டு பெண் குழந்தைகள். சித்தி இலை போட்டுப் பரிமாறினாள். அவர் கைகழுவி வந்ததும் கேட்டாள்.

“அந்தப் புள்ளைககிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“வந்துர்றேன்னு.”

“அப்பப் போங்க. அதுக வழியப் பாத்துக்கிட்டு இருக்கும்.”

அவர் போனார். சித்தி தையல் கற்றுக்கொண்டு, பக்கத்துத் தெருவில் தனியாக இருந்து, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்தப் படத்தின் பிரதி எங்கும் இல்லை என்கிறார்கள். சித்தி போயே பல காலமாகிவிட்டது. எங்கள் வீட்டு இளையவர்களுக்கு, சித்தப்பா யுத்தத்தில் குண்டுபட்டு இறந்தார் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்; எங்கேயும் இடறாத, எல்லாம் பொருந்துகிற கதை. போன வாரம் பேத்தி கண்கலங்க அதை என்னிடமே சொன்னாள். நான் மறுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு மெல்லத் தலையாட்டினாள்.

“அத்தனை வருசம் காத்திருந்தவங்க, வந்தவரை யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா? நம்புற மாதிரி இல்லையே, அம்மாச்சி.”