கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பொன்னாடை

நஞ்சப்பனை அரசியலுக்குக் கொண்டுவந்தது ஒரு ஃபிரிட்ஜ். பெரும்புயலொன்றில் நியூஜெர்சியின் பாதி இருண்டு கிடந்தபோது, ஐசலினில் அவர் வீட்டு ஃபிரீசரில் இருந்த சகலமும் உருகித் தரைக்கு வந்தது. பொள்ளாச்சிக்காரர், எலெக்ட்ரிகல் எஞ்சினியர். மின்சாரம் ஏன் வரவில்லை என்பது மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகவே புரிந்தது. அதனால் கோபமும் கூடுதலாக வந்தது. மின் கம்பெனியிடம் புகார் சொன்னார். கட்டண உயர்வு பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் மாநிலத் தலைநகர் ட்ரெண்டனில் நடக்கிறது, வேலை நாளில், காலையில். அங்கே வந்து சொல்லுங்கள் என்றார்கள். லீவு போட்டுவிட்டுப் போனார். அவர் பார்க்கிங் தேடி முடித்து உள்ளே நுழைந்தபோது, பொதுமக்கள் எவரும் வரவில்லை என்று பதிவு செய்து கூட்டத்தை முடித்திருந்தார்கள்.

அந்த ஆத்திரத்தில் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார். வீடு வீடாக ஏறி இறங்கினார். குஜராத்தி வீட்டில் சாய், தெலுங்கு வீட்டில் காபி, இத்தாலியக் கிழவர் வீட்டில் ஏதோ கசப்பான திரவம், எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் குடித்தார். ஜெயித்தார். அமெரிக்கர்களுக்கு அவர் அசெம்பிளிமேன். நம்மவர்களுக்கு அன்றிலிருந்து ‘எம்.எல்.ஏ. சார்’. கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி தானாக வந்தது.

இரண்டு தடவை உறுப்பினராக இருந்து அவர் கொண்டுவந்த உருப்படியான சட்டம் ஒன்றே ஒன்று. கட்டண உயர்வுக்கான கூட்டம் எந்த ஊரைப் பாதிக்கிறதோ அந்த ஊரில், மாலையில் நடக்க வேண்டும். பெயர் கொடுத்தவர், கொடுத்த வரிசைப்படி, ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். அந்த மூன்று நிமிடத்தில் தலைமை வகிப்பவர் குறுக்கிடக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நீக்கிவிடுங்கள், யாராவது வந்து சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று சக உறுப்பினர்கள் கெஞ்சினார்கள். சாமானியன் பேசுவது எதுவும் சம்பந்தமில்லாதது ஆகாது என்று நஞ்சப்பன் முழங்கினார். கைதட்டல் கிடைத்தது.

பிறகு தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சொந்தக் கட்சியின் பிரைமரியிலேயே தோற்றார். தோற்ற மனிதரைச் சும்மா விட மனமில்லாத கவர்னர், மின்சாரம், எரிவாயு, குடிநீர்க் கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையத்தில் ஓர் உறுப்பினராக அவரை நியமித்தார்.

இரண்டு பதவிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். சட்டமன்றத்தில் எதுவும் தெரியாமல் எல்லாவற்றைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. ஆணையத்தில் எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கக் கூடாது. நிலுவையில் உள்ள விவகாரத்தை வெளியே யாரோடும் பேசக் கூடாது, யார் பேசினாலும் கேட்கக் கூடாது. கூட்டத்தில் பதிவானதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இது நம்மவர்களுக்குப் புரியவே இல்லை. ஒரு சீமந்தத்தில் ஸ்ரீநிவாசன் என்பவர் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்து மடக்கினார்.

“சார், கரண்ட் பில் ஏறப்போகுதுன்றாங்களே. நமக்கு மட்டும் ஒரு க்ளூ குடுங்க. சோலார் போடவா, வேணாமா?”

“பாயசம் நல்லாருக்குங்க,” என்றார் நஞ்சப்பன்.

பதவி வந்ததும் ஆள் மாறிவிட்டார் என்று அன்று சாயங்காலமே பேச்சு பரவியது. அழைப்புகள் குறைந்தன. முன்வரிசை நாற்காலி இரண்டாம் வரிசைக்குப் போனது. வெளியே சொல்லவில்லையே தவிர, அது அவரை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மின் கம்பெனி கட்டணத்தை உயர்த்தக் கேட்டு விண்ணப்பித்தது. கூடவே ஒரு சின்ன வேண்டுகோள்: வீட்டில் மருத்துவ இயந்திரம் ஓடுகிறவர்களுக்குக் கொடுத்து வந்த சலுகையை நிறுத்த அனுமதி வேண்டும். கூட்டம் ஐசலினில் என்று முடிவாயிற்று. தலைமை நஞ்சப்பன்.

சொந்த ஊரில் காலி நாற்காலிகளைப் பார்த்து உட்கார வேண்டியிருக்குமோ என்று பயந்தார். தெற்கே ஓர் ஊரில் நடந்த கூட்டத்துக்குக் குளிருக்கு ஒதுங்கியவர் ஒருவர்தான் வந்திருந்தார். தமிழ்ச் சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கனுக்கு போன் செய்தார்.

“விஷயத்தப் பத்தி நான் ஒண்ணும் பேசக் கூடாதுங்க. கூட்டம் நடக்குதுன்னு மட்டும் சொல்லிருங்க. நம்ம ஆளுங்க நெறைய வரணும்.”

“சொல்லிட்டீங்கள்ல சார், விடுங்க. ஹால் ரொம்பிடும்.”

ஒரு தலைவர் போன் செய்து கூட்டம் வேண்டும் என்றால் அதற்குத் தமிழில் ஒரே பொருள்தான். கஸ்தூரிரங்கன் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டார். ‘வேறு எதுவும் செய்துவிடாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். நஞ்சப்பனுக்குத் தோன்றவில்லை. தோன்றாமலிருக்க அவர் கொஞ்சம் பாடுபட்டார் என்று பின்னாளில் அவர் மனைவி நாகலக்ஷ்மி சொன்னார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில் நடந்தது. நஞ்சப்பன் நுழைந்தபோது நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். பட்டுப்புடவைகள் தென்பட்டன. மனிதர் குளிர்ந்து போனார்.

முதலில் பெயர் கொடுத்திருந்தவர் கஸ்தூரிரங்கன்.

“மாண்புமிகு ஆணையர் அவர்களே,” என்று ஆரம்பித்தார். சுருக்கெழுத்துப் பெண்மணி கையை உயர்த்தி, அந்தச் சொல்லுக்கு எழுத்துக்கூட்ட முடியுமா என்று கேட்டார். கூட்டினார். பிறகு பொள்ளாச்சி மண், இளநீர், உழைப்பு, உயர்வு என்று ஆங்கிலமும் தமிழுமாக மூன்று நிமிடம் ஓடியது. மின்சாரம் என்ற சொல் ஒரு தடவை வந்தது. ஆணையரின் பேச்சிலுள்ள மின்சாரம் என்ற பொருளில். முடிவில் ஒரு பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடையை நோக்கி நடந்தார். பதவியில் இருப்பவர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று ஆணையத்தின் வழக்கறிஞர் பாய்ந்து தடுத்தார். விரித்ததை மடிப்பது அபசகுனமாகப் பட்டதோ என்னவோ, கஸ்தூரிரங்கன் அதை மைக் ஸ்டாண்டுக்குப் போர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

நஞ்சப்பன் சிரித்தார். அதுதான் தப்பு. அடுத்து வந்தவர் இன்னும் உற்சாகமாகப் பேசினார். ஒருவர் சொந்தக் கவிதை வாசித்தார். சீமந்தத்தில் க்ளூ கேட்ட ஸ்ரீநிவாசன், ஆணையரின் எளிமையைப் பற்றிக் கண் கலங்கினார். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம், குறுக்கிட முடியாது, சட்டம். பேச வந்த விஷயத்தைப் பேசுங்கள் என்று ஒருவர் முடித்து அடுத்தவர் எழும் இடைவெளியில் சபையைப் பார்த்துச் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவர் சொல்லவில்லை. காதுக்கு இதமாக இருந்தது.

வரிசையின் பின்பக்கம் ஜெயமலர் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் தர்மராசாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ராப்பகலாக ஓடுகிறது. நிறுத்தப்போகும் சலுகை அவர்கள் வீட்டுச் சலுகை. கணவரோடு இருக்க ஒரு பெண்ணை அமர்த்திவிட்டு, நேரத்துக்கு வந்து பெயரும் கொடுத்திருந்தார். ஆனால் சங்கத்தார் அதற்கும் முன்னால் வந்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பூட்டும் நேரம் வந்தது. கூட்டத்தை முடிக்கப்போவதாக நஞ்சப்பன் அறிவித்தார். மின் கம்பெனியின் வக்கீல் எழுந்து, பொதுமக்கள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வந்தும் விண்ணப்பத்துக்கு ஒருவர்கூட ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்பதைப் பதிவு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். பதிவாயிற்று.

அப்போதுதான் நஞ்சப்பனுக்கு உறைத்தது. வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்த ஜெயமலரை எட்டிப் பிடித்தார். அவர் வீட்டிலும் ஒரு காலத்தில் ஓட்டுக் கேட்டுத் தேநீர் குடித்தவர்தான்.

“அம்மா, மன்னிச்சுக்கோங்க, டைம் ஆயிடுச்சு…”

“பரவாயில்லை. ரெண்டு வசனம்தான். இவருக்கு ஒட்சிசன் மெசின் வீட்டிலை…”

நஞ்சப்பன் பதறிக் கையை உயர்த்தினார். “அம்மா, வேண்டாம். இங்க சொல்லாதீங்க. கூட்டத்துக்கு வெளிய நான் கேக்கக் கூடாது.”

ஜெயமலர் ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி நின்றார்.

“உள்ளுக்கை கதைக்க நேரமில்லை எண்டுறியள். வெளியிலை கதைச்சா கேக்கக் கூடாது எண்டுறியள். அப்ப நான் எங்க நிண்டு கதைக்கிறது?”

ஜெயமலர் மறு கையையும் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டார். அவர் போய்விட்டார். பின்னால் யாரோ, “சார், ஒரு குரூப் போட்டோ!” என்று கூப்பிட்டார்கள்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நாகலக்ஷ்மியும் காரில் வந்தார். சிக்னலில் நின்றபோது சொன்னார்: “அந்த அம்மா முழு நேரமும் நின்னுட்டே இருந்தாங்க. உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியல.”

“எப்படித் தெரியும்? கவிதை வாசிச்சப்ப கண்ணை மூடிட்டீங்களே.”

அடுத்த மாதம் ஆணையத்தின் முழு அமர்வில் நஞ்சப்பன் தன் அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். எழுதிக் கொண்டுவந்ததை ஓரமாக வைத்துவிட்டுப் பேசினார். ஐசலினில் நடந்தது கருத்துக் கேட்புக் கூட்டம் இல்லை, தனக்கு நடந்த பாராட்டு விழா என்றார். நிறுத்தியிருக்கலாம், ரசித்ததால் நிறுத்தவில்லை என்றார். பேச வந்த ஒருவர் பேசாமலே திரும்பினார், அவர் என்ன சொல்ல வந்தார் என்பது தனக்குத் தெரியக் கூடாது, ஆனால் அரைகுறையாகத் தெரியும். ஆகவே அந்தப் பதிவை ரத்து செய்து, வேறொருவர் தலைமையில் மறுபடி கூட்டம் நடத்த வேண்டும், இந்த விவகாரத்தில் தான் வாக்களிக்கப் போவதில்லை என்றார்.

சக ஆணையர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்ற முயன்றார். சரியாக வரவில்லை. கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தார். ஆணையம் மறுகூட்டத்துக்கு உத்தரவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று பொன்னாடை போர்த்திய மைக்கின் படத்தைப் போட்டது.

கஸ்தூரிரங்கன் அன்றே போன் செய்தார். “எங்க மானத்த வாங்கிட்டீங்களே சார். ரெக்கார்டுல ஏத்தி, பேப்பர்ல போட்டு… நீங்கதானே கூட்டம் கேட்டீங்க?”

“ஆமாங்க. நான்தான் கேட்டேன்.”

“அப்புறம்?”

“அதையும் அங்க சொல்லியிருக்கணும். விட்டுப்போச்சு.”

இரண்டாவது கூட்டத்துக்குச் சங்கத்தார் யாரும் போகவில்லை. பாராட்டவும் கூடாது, பின்னே எதற்குப் போவது? வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தலைமை வகித்தவர் மார்கரெட் என்ற ஆணையர். ஜெயமலர் பேசினார். பேச்சு பதிவாயிற்று. கட்டணம் ஏறியது, மருத்துவ இயந்திரச் சலுகை நீடித்தது. நஞ்சப்பனின் பதவிக்காலம் முடிந்தபோது கவர்னர் அலுவலகம் அவருக்கு நன்றி தெரிவித்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டில், காய்கறிக் கடையில், முருங்கைக்காய்க்கு முன்னால் ஜெயமலர் எதிர்ப்பட்டார். நஞ்சப்பன் தள்ளுவண்டியைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை.

“எப்பிடி இருக்கிறியள்? இப்ப கதைக்கலாமோ, இல்லை இன்னும் சட்டம் கிடக்கோ?”

“கேஸ் முடிஞ்சுதுங்க. தாராளமா பேசலாம்.”

“எங்களுக்குச் சலுகையை நிப்பாட்டேல்லை, தெரியுமோ? ரெண்டாந்தரம் கூட்டம் வைச்சவை. ஏன் எண்டு தெரியாது, என்னவோ பிழை விட்டிட்டினமாம். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை வந்து இருந்தா. என்ன தங்கமான மனுசி! மூண்டு நிமிசமும் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தா. ஒரு சிரிப்பில்லை, ஒண்டில்லை. உங்கடை கந்தோரிலைதானே வேலை செய்தவ?”

“ஆமாங்க. மார்கரெட்.”

“மற்றவை கதைக்கிறதைக் கேக்க அவவிட்டை நீங்களும் பழகியிருக்கலாம்,” என்றார் ஜெயமலர், குத்தலே இல்லாமல், ஒரு நல்ல மருந்தின் பெயரைச் சொல்வதுபோல.

பக்கத்தில் நின்ற நாகலக்ஷ்மி என்னவோ சொல்ல வாயெடுத்தார். நஞ்சப்பன் அவர் கையை மெதுவாக அழுத்தினார்.

“பழகியிருக்கலாம்ங்க,” என்றார்.