சாமி அண்டாவும் என் அடுப்பும்

மதுரையில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுச் சமையலறையில் ஓர் ஆள்தான் உட்காரலாம். அதிலும் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு பித்தளை அண்டா. அதற்குள் வாளிகள், பக்கத்தில் நீளக் கரண்டிகள். எதுவும் எங்களுடையது இல்லை. என் வீட்டுக்காரரின் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் குலசாமிக்கு மாசியில் ஒருநாள் பொங்கல் வைக்க வெளியே போகும். மற்ற நாளெல்லாம் என் தலையில்தான்.

"மூத்த வகையறா வீட்லதான் இருக்கணும். அது நமக்கு மரியாதை" என்பார் வீட்டுக்காரர். அந்த மரியாதையை என்னிடம் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவார். ஊரில் தொழுவமும் கொல்லையுமாக வீடு வைத்திருந்த பங்காளிகளுக்கு இடம் இல்லையாம்! நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்டாவுக்கு வழிவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசலை ஒட்டித் தரையில் எரிந்தது. நடை பழகிக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் தத்தித் தத்தி வந்து, கொதிக்கிற பால் சட்டியைத் தொட்டுவிட்டாள். உள்ளங்கை கொப்பளித்துப் போனது.

"கைக்கு எட்டாம வச்சிருக்கக் கூடாதா?" என்று வீட்டுக்காரர் என்னைத்தான் கேட்டார். எங்கே வைப்பது? அன்று வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் அவர் தெருமுனை தாண்டியதும் சமையலறையை ஒழித்தேன். நசுங்கிய டப்பா, மூடி இல்லாத தூக்குவாளி, ஓட்டைக் குண்டான் என்று எங்கள் சொந்தக் குப்பையெல்லாம் பழைய பாத்திரக்காரரிடம் போனது. அண்டாவைப் போட முடியாது. அதனால் கவிழ்த்தேன். வாளிகள் அதற்கடியில் அடங்கின. மேலே பலகை போட்டு ஸ்டவ்வை ஏற்றினேன். பிள்ளைக்கு எட்டாது. கல்யாணமாகி அன்றைக்குத்தான் நின்றுகொண்டு சமைத்தேன்.

"பங்காளிக பாத்தா என்ன நெனப்பாக?" என்று சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார்.

"நல்லா நெனக்கட்டும்" என்றேன்.

மாசியில் அண்டாவை எடுக்கச் சின்ன மாமனார் வந்தார். பலகையையும் அண்டாவின் முதுகில் வழிந்து காய்ந்திருந்த குழம்பையும் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஏத்தா, சாமி அண்டாவக் கவுத்துப்போட்டு அடுப்பு வச்சிருக்கியே!"

"ஆமா மாமா. உங்க யாரு வீட்லயும் எடமில்லன்னீக. எனக்கு எம்புட்டு எடம் கெடக்குன்னு நீங்களே பாருங்க." மகளின் கையை விரித்துத் தழும்பைக் காட்டினேன்.

அதை ஒரு பார்வை பார்த்தார். "இனிமே இது இந்த வீட்டுக்கு வராது" என்று தண்டனை கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றினார். பொங்கல் முடிந்து அண்டா அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. இத்தனை வருஷம் இல்லாத இடம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது பாருங்கள்!

ஸ்டவ்வுக்கு ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டேன். வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு எடம் சும்மா கெடக்கே. என் டிரங்குப் பெட்டிய இங்கன வச்சிரவா?"

"ஒண்ணும் வைக்காதீக," என்றேன். "அது நான் நிக்கிற எடம்."