சாமிக்கு எதுக்கு மாத்திரை

எங்கள் அண்ணன் சாமியார் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அவன் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான், பஸ் ஸ்டாண்டுக்கும் அடி அண்ணாமலைக்கும். மதியத்தில் சவாரி இருக்காது. கிரிவலப் பாதையில் ஒரு குளத்துக்குப் பின்னால் காவி கட்டிய சிலர் கஞ்சா புகைப்பார்கள். அவர்களோடு போய் உட்காரத் தொடங்கினான். "மூலிகைடா, பீடிய விட நல்லது" என்பான். ஆரம்பத்தில் காரணமில்லாமல் சிரித்தான், சட்டிச் சோற்றையும் ஒரே ஆளாகத் தின்றான். நாளாக ஆகத் தூக்கம் போயிற்று. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். சவாரிக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒருநாள் நடுரோட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டான்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நர்சிங் படிக்கிறேன். எது முக்கியம், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மூளை ஓயாமல் பிரித்துக்கொண்டே இருக்கிறது. கஞ்சா சிலருக்கு அந்தப் பிரிப்பைக் கலைத்துவிடும். அப்புறம் காக்கை கத்தினாலும் அது தனக்கு வந்த சேதிதான். சிலருக்குப் புகையை நிறுத்தினால் அடங்கும். அண்ணனுக்கு அடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். மந்தமாக, கை லேசாக நடுங்க, ஆனால் எங்கள் அண்ணனாக. "ஆட்டோ பேட்டரி எறங்கியிருக்கும்டா, ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்று கேட்ட அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வேறு ஊரில் ஒருவன் பேசாமல் வெறித்துக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் ஊரில் மலையைப் பார்த்து வெறித்தால் கும்பிடுவார்கள். மாத்திரை மந்தத்தில், நோவில் வளர்ந்த தாடியும் சடையுமாக, எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் அவன் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை யாரோ வெளியூர்க்காரர்கள் பார்த்துப் பழம் வைத்தார்கள். அடுத்த வாரம் சிலர் தேடியே வந்தார்கள். வேங்கிக்காலுக்குக் கட்டட வேலைக்குப் போகிற அம்மாவிடம் அதுவரை "பையனுக்குப் பைத்தியமாமே" என்று கேட்டவர்கள், "புண்ணியம் பண்ணியிருக்க" என்றார்கள். அம்மா மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

"இன்னாத்துக்குடா அது? சாமிக்கு எதுக்கு மாத்திர?"

"யம்மா, அது நோவும்மா."

"நோவுன்னா கல்ல உட்டு அடிப்பானுங்க. இப்போ கால்ல விழுறாங்க. எது மேலுன்னு நீயே சொல்லு, படிச்சவன்தானே."



பௌர்ணமியன்று காலையில் மாத்திரையை எடுத்துக்கொண்டு நானே வேப்பமரத்தடிக்குப் போனேன். அவனைச் சுற்றிக் கூட்டம்.

"அண்ணா, இத்தப் போட்டுக்கோ."

அவன் வாங்கிப் பார்த்தான். பிறகு எதிரே குனிந்து நின்ற ஒரு அம்மாளின் உள்ளங்கையில் வைத்தான். அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயருகே கொண்டுபோனார். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"சாமி குடுத்தத புடுங்கறியே, நல்லா இருப்பியாப்பா நீ?"

"சாமி இல்லீங்க, எங்க அண்ணன். அது மூளைக்குக் குடுக்கற மாத்திரைங்க."

"கூட இருக்கறவனுக்கு எங்க அருமை தெரியும்" என்றது பின்னால் ஒரு குரல். கூட்டத்தின் ஓரத்தில் அம்மா நின்றிருந்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "குட்றா" என்றான். மாத்திரையை வாயில் போட்டு, யாரோ வைத்த வாழைப்பழத்தை உரித்துக் கடித்தான். எனக்கு உடம்பே லேசானது.

கூட்டம் கலைந்ததும் தோல்களைப் பொறுக்கினேன். ஒரு தோலின் உள்பக்கத்தில் வெள்ளையாக அந்த மாத்திரை ஒட்டியிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவள் தோலை மடித்து வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அடுத்து வந்தவர்கள் அண்ணன் முன்னால் குனிந்தார்கள். அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து குனிந்தாள்.