உருண்டைக்குக் கீழே அரை அங்குலம்

ஆட்களை அவள் அளவை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பாள். இருபத்திரண்டு வருடத் தையல்காரி வேறு எப்படி வைத்திருப்பாள்? கணவனின் அண்ணனுக்கு மார்பு நாற்பத்து நான்கு, இடுப்பு நாற்பத்தாறு. மனசு மட்டும் ஊசிக்காது அளவு.

தம்பி, அதாவது அவள் கணவன், செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த மூத்தவர் பாதையில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அவளுடைய நிலம் அவர் வீட்டைத் தாண்டி இருக்கிறது. கேட்டதற்கு, "என் இடத்துல உனக்கு வழி கிடையாதும்மா" என்றார், பல் குத்திக்கொண்டே. எல்லையை அளந்து காட்டச் சொல்லி அவள் மனுப் போட்டாள். அளக்க வந்தவர் இரண்டு முறையும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மூன்றாம் முறையும் நடக்காவிட்டால் மனுவை மூடிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மூத்தவர் முகத்தில் கரி பூசியே தீருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். நியாயமெல்லாம் அப்புறம், முதலில் கரி.

நிலத்துக்கு இன்னொரு வழி உண்டு. காய்ந்த ஓடை, நாலு கிலோமீட்டர் முழுக்கக் கல். கருவிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டேன், வண்டி போகுமென்றால் வருகிறேன் என்றார் அளவையாளர். கணவன் விட்டுப்போன பழைய எஸ்யூவி வீட்டில் நின்றது. அவள் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடை முழுக்க நடந்தாள். ஓரிடத்தில் இரண்டு கரையும் நெருக்க, நடுவில் ஒரு பாறை. விலகிப் போக இடமில்லை. உயரம் ஒன்பதரை அங்குலம். வண்டியின் பின் அச்சில் தொங்கும் இரும்பு உருண்டைக்கும் தரைக்கும் நடுவே எட்டரைதான் இருந்தது.

"வண்டிய நாலு அங்குலம் தூக்கிடலாம்க்கா" என்றார் மெக்கானிக். "முப்பத்தஞ்சு அங்குல டயரும் போட்டா, பாக்கிறவன் மிரண்டுடுவான்."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு இனித்தது. மூத்தவர் அண்ணாந்து பார்ப்பதை நினைத்ததும் வாயெல்லாம் பல். ஆனாலும் தொழில்புத்தி விடவில்லை. வண்டிக்கடியில் குனிந்தாள்.

"ஸ்பிரிங்கைத் தூக்கினா இந்த உருண்டையும் மேல வருமா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அது வராதுக்கா. பாடி மட்டும்தான் ஏறும். உருண்டை ஏறணும்னா டயர் பெருசாகணும். டயர் கூடறதுல பாதி ஏறும்."

இருந்த டயர் இருபத்தொன்பது அங்குல உயரம். முப்பத்திரண்டு போட்டால் ஒன்றரை ஏறும், உருண்டைக்குக் கீழே பத்து அங்குலம் கிடைக்கும். பாறைக்கு மேல் அரை அங்குலம். அவள் தையலுக்கு விடும் துணிகூட அவ்வளவுதான்.

"நாலு அங்குலம் தூக்கிட்டு சரிஞ்ச கரையில போனா?"

"கவுந்தாலும் கவுந்துடும்."

"கவுந்தா அந்தாளுக்குத்தான் கொண்டாட்டம். ரெண்டே அங்குலம் தூக்குங்க, புது டயர் உரசாத அளவுக்கு."

மாட்டி முடித்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லி, டயருக்கும் பாடிக்கும் இடையே விரல் விட்டுப் பார்த்தாள். "கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்கக் கூடாது" என்றாள். மெக்கானிக் சிரித்தே விட்டார்.

அளக்கும் நாளில் அளவையாளர் பெட்டிகளை மடியில் அணைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாறை வந்தது. அவள் வண்டியை ஊர்ந்து போகவிட்டாள். சத்தமே இல்லாமல் தாண்டியது. வீட்டுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த மூத்தவர், ஓடையிலிருந்து வண்டி ஏறி வருவதைப் பார்த்து டம்ளரை இறக்க மறந்து நின்றார். அவள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள். வயிறு குளிர்ந்தது.

மத்தியானம் வரை அளந்தார்கள். மூத்தவரும் வியர்க்க வியர்க்கப் பின்னாலேயே வந்தார். கடைசியில் அளவையாளர் வரைபடத்தை விரித்து, "இந்தக் கேட்டு, பாதை, உங்க கார் ஷெட்டுல பாதி, எல்லாமே இந்தம்மா இடத்துல இருக்கு சார்" என்றார்.

மூத்தவர் குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, நாம என்ன வேத்து ஆளா? குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாமே."

"தாராளமா பேசலாம் மாமா" என்றாள் அவள். "நீங்க இப்ப நிக்கிறது என் இடம். கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க."