ஜூலையில் வந்த துப்பாக்கி

வெர்னா டாலஃப்சன் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் அவள் பஸ்ஸில் ஏறாத பிள்ளை கிடையாது. புருஷன் ஆர்லன் உயிரோடு இருந்த காலத்தில், மான் வேட்டை சீசன் நடுவில், லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் அவனுடைய துப்பாக்கி இறுகிக்கொண்டது. ரிப்பேர் கடைக்கு எண்பது மைல். வெர்னா சமையலறை மேசையிலேயே அதைக் கழற்றினாள். ஒரு சுருள்வில் எகிறிப்போய் உருளைக்கிழங்கு சூப்பில் விழுந்தது. அதைச் சொல்லியே ஆர்லன் பத்து வருஷம் சிரித்தான். ஆனால் துப்பாக்கி சரியாகிவிட்டது. அப்புறம் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

எல்லாரும் வருவது வேட்டை சீசனுக்கு முன்னால், செப்டம்பர், அக்டோபரில்தான். வாய்க்காலின் கீழ்ப்பக்கம் பண்ணை வைத்திருந்த ஆரின் ஸ்டாவிக் வந்தது ஜூலையில்.

துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"முதல் குண்டு போகுது. ரெண்டாவது மேல ஏறவே மாட்டேங்குது வெர்னா. பாதியில சிக்கிக்குது."

"ஜூலையில என்ன வேட்டை உனக்கு?"

"நரி. கன்னுக்குட்டிங்களைச் சுத்திக்கிட்டே இருக்கு."

"காபி குடிக்கிறியா?"

"வேணாம். வியாழக்கிழமைக்குள்ள வேணும். அப்படியே விசையையும் கொஞ்சம் இலகுவாக்கிடு. விரல் பட்டாலே போதும்ங்கிற மாதிரி."

"விசையில நான் கை வைக்கிறதில்ல. அது உனக்கே தெரியும்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் வெர்னா மேசைமேல் பழைய துண்டை விரித்தாள். துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு லீவரை இழுத்தாள். ஆரின் சொன்னது உண்மைதான். தோட்டாவை மேலே தூக்கிவிடும் தகடு பாதியில் நின்றது. கழற்றியபோது உள்ளே பழைய எண்ணெய் மெழுகாக உறைந்திருந்தது. பக்கவாட்டுத் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. தோட்டா அடுக்கும் குழலுக்குள் இருந்த சுருள்வில்லில் துரு. எல்லாவற்றையும் துடைத்து, திருகை இறுக்கி, லீவர் உரசிய இடத்தை வழவழப்பான கல்லால் மெல்லத் தேய்த்தாள். பூட்டி இழுத்துப் பார்த்தாள். எட்டுத் தோட்டாவும் ஒன்றன்பின் ஒன்றாக, வெண்ணெயில் கத்தி போவதுபோல ஏறி இறங்கின.

அவளுக்குள் வழக்கமான சந்தோஷம் எட்டிப் பார்த்தது. பிறகு கை நின்றுவிட்டது.

முதல் குண்டுச் சத்தத்திலேயே நரி மேட்டைத் தாண்டியிருக்கும். அதற்கு எதற்கு இரண்டாவது, மூன்றாவது?

தீவனக் கடையில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. வாய்க்காலின் மேல்பக்கத்துப் பண்ணைக்காரன் கிளீட் மிராஸ் தண்ணீர் கீழே வராமல் மதகை இறக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறான். ஆரினின் குதிரைமசால் தீவனப்புல் நாற்பது ஏக்கர் நின்றவாக்கில் கருகுகிறது. போன வாரம் ஆரினின் நாய் அந்த மதகடியில் செத்துக் கிடந்தது. விஷம் என்று ஆரின் சொன்னான். நாயே எனக்குத் தெரியாது என்றான் கிளீட்.

தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட் இல்லாமல் துப்பாக்கி சுடாது; வெர்னா அதைக் கழற்றி மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆரின் வந்தான். முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. சட்டை இஸ்திரி போட்டது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா தர மாட்டேன்."

"என் துப்பாக்கி அது."

"உன்னுதுதான். அக்டோபர்ல வந்து வாங்கிக்கோ."

"வெர்னா, என்னை என்னன்னு நினைச்சே?"

"நீ நாய்க்காக அழுதுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன். நரின்னு பொய் சொன்னதாலதான் இப்ப வேற நினைக்கிறேன்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். வெயிலில் சூடேறிய தகரக் கூரை டக்டக்கென்று சத்தம் போட்டது.

"வீட்டுல இது ஒண்ணுதான் துப்பாக்கின்னு நினைச்சியா?" என்றான், குரலை உயர்த்தாமலே. திரும்பி நடந்தான். வண்டி கிளம்பியது.

வெர்னா கிளீட்டுக்குப் போன் போட்டாள். "இப்பவே பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு டவுனுக்குப் போ. காரணம் கேக்காதே, போ!" அடுத்து ஷெரிஃப் ஆபீஸ். வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். அவள் காத்திருக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள்.

ஆரினின் வண்டி மதகு பக்கத்தில் நின்றது. இருக்கையில், வீட்டிலிருந்து எடுத்து வந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. கிளீட் வீட்டைப் பார்த்தபடி ஆரின் கரையில் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் கார் இல்லை.

"நீதானே சொன்னே அவன்கிட்ட?"

"நான்தான்."

"வந்ததுலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எவனும் வெளிய வரல."

அவள் அவனுக்கும் வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். போலீஸ் வரும்வரை அவள் அங்கிருந்து எழவில்லை.

அன்றைக்கு யாரும் சாகவில்லை. செப்டம்பரில் கோர்ட்டார் தண்ணீரைப் பங்கு பிரித்துவிட்டார்கள். அதற்குள் ஆரினின் புல் முழுக்கப் போய்விட்டது. அன்றைக்கு வாங்கிப்போன ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஷெரிஃப் ஆரினிடம் திருப்பித் தரவில்லை. வெர்னாவும் தன்னிடம் இருந்ததை அவரிடமே ஒப்படைத்தாள். அக்டோபரில் ஆரின் கேட்கவும் வரவில்லை. சர்ச்சில் அவள் உட்காரும் வரிசையைத் தாண்டிப் போய் உட்கார ஆரம்பித்தான்.

அடுத்த ஜூலையில் வாய்க்கால் மறுபடி வற்றியது. ஒரு மத்தியானம் ஆரினின் வண்டி அவள் வீட்டைத் தாண்டி, கிளீட்டின் மதகு இருக்கும் மேல்பக்கமாக மெதுவாகப் போனது. நிற்கவில்லை. வெர்னா ஜன்னலோரம் நின்று, புழுதி முழுக்க அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.