செல்வராணி கொடுக்க வந்தார்

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் ஒரு மண்டபத்தில் இரத்ததான முகாம். முன்வாசலில் இரத்தம் கொடுப்பவர்கள். பின்வாசலில், மழையில் லயம் என்கிற வரிசை வீடுகள் இடிந்துபோன தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு உணவுப் பொதி. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

இரத்தம் கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண். நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். பெயர் செல்வராணி. விடிந்ததும் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

கழுத்தில் அட்டையும் கையில் போனுமாகத் திரிந்த ஏற்பாட்டாளர் ஒருவர் அவரைக் கண்டதும் வேகமாக வந்தார்.

"ஏம்மா, சாமான் குடுக்கிறது பின்னால. இங்க நிக்காத."

"சாமானுக்கு வரலைங்க. ரத்தம் குடுக்க வந்தேன்."

அவர் சிரித்தார். "நீயா? தோட்டத்து ஆளுங்க ஒடம்புல ஏதும்மா ரத்தம்? ஒங்களுக்குத்தான் நாங்க குடுக்கணும். போ, போ."

வரிசையிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

செல்வராணி நகரவில்லை.

"ஊசி குத்திப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க, போயிடுறேன். மூஞ்சியப் பாத்துச் சொல்லாதீங்க!"

நானும் குரலை உயர்த்தினேன். சத்தம் கேட்டு வெளியே வந்த நர்ஸ், ஏற்பாட்டாளரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "நீங்க உள்ள வாங்க அக்கா" என்று செல்வராணியைக் கூட்டிக்கொண்டு போனார். பரிசோதித்தார்கள். எந்தக் குறையும் இல்லை. கொடுத்தார்.

பக்கத்துக் கட்டிலில் நான். "இவ்வளவு பேச்சு கேட்டும் திரும்பிப் போகவில்லையே?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு லொறியில அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்தாருங்க. யாரோ குடுத்த ரத்தத்துலதான் பொழைச்சாரு. யாருன்னு தெரியாது. தெரியாத ஆளுக்கு எப்படிங்க நன்றி சொல்றது? அதான்... நானும் யாருக்காச்சும் குடுத்துட்டுப் போறேன்."

சமூகக் கடமை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

'சமூகத்துக்கு நீ என்ன செய்தாய்?' என்று ஊரெல்லாம் கேட்கிறோம். செய்ய வருகிறவரின் சேலையையும் செருப்பையும் பார்த்து, 'நீ வாங்குகிற ஜாதி' என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலையில் அட்டைக் கடியில் நாள் முழுக்க இரத்தம் சிந்துகிறவரிடம் இரத்தம் இருக்காதாம்! கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று பிரிக்க இவர்களை யார் நியமித்தது? கடமை எல்லோருக்கும் பொது என்றால் கதவும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும்?

செல்வராணி புறப்படும்போது அதே ஏற்பாட்டாளர் ஓடி வந்து ஒரு பொதியை அவர் கையில் திணிக்கப் பார்த்தார். "எங்க லயம் இடியலைங்க. இடிஞ்சவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போகும் பசறை பஸ்ஸுக்கு நடந்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். மறுநாள் முகாம் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். என் படத்துக்குக் கீழே, 'எழுத்தாளர் இரத்தம் வழங்கினார்.' செல்வராணியின் படத்துக்குக் கீழே, 'தோட்டத் தொழிலாளியும் இரத்தம் வழங்கினார்!'

ஓர் 'உம்'முக்குள் எவ்வளவு திமிர்!